ஈரமான மைக்

சிறுமலை உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே அமெச்சூர் வானொலி முகாம். சொந்த ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேச லைசென்ஸ் வாங்கிவிட்டு இன்னும் வாயைத் திறக்காத பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் முதல்முறை பேசப்போகும் மேஜையைத் தயார்செய்வது திருமேனிநாதன் பொறுப்பு. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

குரு, சீடர் என்றதும் நாம் போடுகிற வயதுக் கணக்கு இங்கே செல்லாது. சீடர் திருமேனிநாதன் ஓய்வுபெற்ற மின்பொறியாளர், வயது ஐம்பத்தொன்பது. அவருக்கு ரேடியோ கற்றுக்கொடுத்த குரு பியூலா இயற்பியல் ஆசிரியை, வயது முப்பத்து மூன்று.

போன வருடம் இதே மேஜையில் திருமேனிநாதனும் உட்கார்ந்தார். மைக்கை அழுத்தினார். ஒரு சொல்கூட வரவில்லை. மைக் பழுது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் பேச முயலவில்லை. அந்த அவமானம் இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதே அவர் கவலை.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. பேட்டரி, ரேடியோ, இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஆண்டெனாக் கம்பி, மாற்று மைக் மூன்று. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பியூலா சுற்றிப் பார்த்தாள். "இன்னும் தயாராகலை சார்."

அவர் இன்னொரு பேட்டரி கொண்டுவந்து வைத்தார். தொடக்கூடாத திருகுகளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். மூன்று மணிக்கும் அதே பதில். என்ன பேசவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி மேஜையில் ஒட்டினார். நான்கு மணிக்கும் அதே பதில்.

அவருக்குத் தலை சுற்றியது. முப்பது வருடம் ஊருக்கே மின்சாரம் கொடுத்த மனுஷன். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றித் திரும்ப மாட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தப்பு எங்கே என்று தெரியாதது அவரை அழுகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

"என்ன குறைன்னு சொன்னாத்தானே டீச்சர் சரிபண்ண முடியும்?"

"எதுல சோதிச்சீங்க சார்?"

அவர் டம்மி லோடைக் காட்டினார். ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டுகிற சின்ன டப்பா அது. நாம் பேசுவதெல்லாம் அதற்குள்ளேயே சூடாகி அடங்கிவிடும், வெளியே ஈ காக்காய்க்குக்கூடக் கேட்காது. ஆறு தடவை அதில் சோதித்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றார்.

பியூலா அதைக் கழற்றி ஆண்டெனாவை மாட்டினாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு மைக்கை எடுத்து ரேடியோவில் செருகினாள். வயரில் சுற்றியிருந்த மஞ்சள் டேப்பைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, போன வருடம் அவர் பிடித்த அதே மைக்.

"இது பழுதான மைக்காச்சே."

"உட்காருங்க சார்."

நாளைக்குப் பேசப்போவது அவர்கள்தானே, தான் எதற்கு என்று கேட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தார். மேஜையில் தானே ஒட்டிய எழுத்துகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மைக்கை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். கடைசியில் தன் பெயரையும், லைசென்ஸோடு தந்த அழைப்புக்குறியில் பாதி எழுத்துகளையும், சிறுமலை என்ற ஊரையும் சொன்னார். மீதியை மறந்துபோனார்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஹாசனிலிருந்து யாரோ, கன்னடம் கலந்த தமிழில். "பேரு கேட்டுது சார். குறி பாதிதான் வந்தது. இன்னொரு தடவை சொல்லுங்க, அவசரமில்லே."

சொன்னார். ஐந்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று பிறகு கேட்டபோது அவருக்கே தெரியவில்லை.

முடித்து மைக்கைக் கீழே வைத்தபோது அது முழுக்க வியர்வை. வெட்கமாகப் போய்விட்டது. காலையில் வருகிறவர்கள் பிடிக்கப்போகிற மைக் ஆயிற்றே என்று சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

பியூலா அவர் கையைத் தடுத்தாள்.

"துடைக்காதீங்க சார். பயந்துகிட்டே ஒருத்தர் பேசின மைக் இது. இப்பத்தான் மேஜை தயாராயிருக்கு."