நாகலிங்கத்தோட கடையாணி ரகசியம்

கோப்பெருமாள் ராஜாகிட்ட இருநூறு தேர் இருந்துச்சு. அதுல ஓடுனது எத்தனைங்கறீங்க? பன்னெண்டு! மிச்சமெல்லாம் கடையாணி இல்லாம கொட்டகையில நின்னுச்சு, கோழி முட்டை போட. கடையாணின்னா என்ன பெரிய விஷயம்? சக்கரம் அச்சை விட்டுக் கழண்டுராம பிடிக்கிற, விரல் நீள இரும்புத் துண்டு. அதை நாகலிங்கம்னு ஒரே ஒரு வியாபாரி வித்தான். ஆணிக்கு முப்பது வராகன். கேக்க நாதி இல்ல!

எட்டு நாள்ல எதிரி படை எல்லைக்கு வந்துரும்னு சேதி. அன்னைக்கே கொல்லப்பட்டறை வேம்பு சபைக்குள்ள நுழைஞ்சா.

"மகாராஜா, நான் ஒரு வராகனுக்கு நாலு ஆணி தர்றேன். என் புருஷன் உங்க தேரோட்டி. இந்த ஆளோட ஆணி முறிஞ்சுதான் இடுப்பொடிஞ்சு கிடக்கார்."

சபையில நின்ன நாகலிங்கம் சிரிச்சான். "அளவு தெரியாம எப்படிம்மா அடிப்ப? ஆணி அளவு படை ரகசியம் மகாராஜா. உங்க தாத்தா என் தாத்தா காதுல சொன்னது. எனக்கு மட்டும்தான் தெரியும். வேற ஆள்கிட்ட விலை கேட்டாலே எதிரிக்குப் போயிரும்."

ராஜா தலையாட்டினார். ரகசியம்னு சொன்னா போதுமே, பெரிய மனுஷங்க மூளை அங்கயே பாய் விரிச்சுப் படுத்துரும்.

மந்திரி அம்பலத்தான் எந்திரிச்சார். "காவலா! போர்க்காலத்துல படை ரகசியம் தெரிஞ்சவங்களை என்ன பண்ணுவோம்?"

"போர் முடியுற வரைக்கும் பாதாள அறையில பூட்டிருவோம் சாமி. எல்லை வரைபடம் எழுதினவரு இப்பவே உள்ளதான் இருக்கார். ரெண்டு வேளை கூழ்."

"பாவம், தனியா இருப்பார். துணைக்கு இவரையும் கூட்டிட்டுப் போ."

"ஐயோ மந்திரியாரே! நாளன்னைக்கு என் மக கல்யாணம்!"

"தாத்தா காலத்து ரகசியமாச்சேய்யா! பந்தியில வாய் தவறிட்டா? போன போர் எத்தனை வருஷம் காவலா, ஆறா?"

"ஏழு சாமி."

காவலன் தோள்ல கை வச்சான். நாகலிங்கம் தூணைக் கட்டிக்கிட்டு அலறினான்: "ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது! அச்சு ஓட்டையில குச்சியை விட்டுப் பார்த்தா எந்தக் கழுதைக்கும் அளவு தெரியும்!"



ராஜா முறைச்சார். அப்புறம் கிரீடம் கழண்டு மடியில விழுற அளவுக்குச் சிரிச்சார். முத்துமாலையைக் கழட்டி அம்பலத்தான் கழுத்துல போட்டார். எந்தக் கொல்லர் வேணும்னாலும் விலை சொல்லலாம், ஆணியை அடிச்சுப் பார்த்துத்தான் வாங்கணும்னு தண்டோரா போடச் சொன்னார்.

"வேம்பு, அளவெடுக்க உனக்கு எத்தனை நாள் வேணும்?"

வேம்பு முந்தானைக்குள்ள இருந்து ஒரு குச்சியை உருவினா.

"வாசல்ல உங்க தேர் நின்னுச்சு மகாராஜா, வரும்போதே எடுத்துட்டேன். இவர் ரகசியம்னாரா... எதுக்கு வம்பு, கூழ் குடிக்கணுமேன்னு ஒளிச்சு வச்சிருந்தேன்!"