ராணி ஏன் பேசவில்லை?

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள் இசக்கியம்மாள். பீடி சுற்றுகிறவள் மகள். அவர்களுக்குப் பாடமாக இருந்த பழைய காவியத்தில், ராஜா சபை நடுவே பழி சொல்லும்போது ராணி ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பாள். அது பணிவு என்று துறைத்தலைவர் திருவேங்கடநாதன் உரை எழுதி, அச்சும் போட்டிருந்தார். இசக்கியோ அது எதிர்ப்பு என்று பரீட்சையில் எழுதிவிட்டாள்.

பத்துக்கு சைபர் விழுந்தது. அதோடு விட்டாரா மனுஷர்? தப்பு என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லி, முதல்வர் ஆக்னஸ் அம்மாவின் அறைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ எழுதினது தப்புன்னு ஒத்துக்கிடுதியா?"

இசக்கி நிமிர்ந்து நின்று அவரையே பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

"உன்னத்தான் கேக்கேன்!"

அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தடவையும் கேட்டுப் பார்த்துவிட்டு, திருவேங்கடநாதன் மேசையைக் குத்தினார்.

"பாத்தீங்களாம்மா திமிர? ஒரு வார்த்தை பேசாமலே என்னை எதுத்து நிக்கா!"

"ஐயா, இதைத்தான் நானும் எழுதினேன்," என்றாள் இசக்கி. "நான் பேசாம நின்னா எதிர்ப்பு, ராணி நின்னா பணிவா?"

ஆக்னஸ் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விடைத்தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"மார்க்கைத் திருத்துங்க சார்."

முகம் சிவக்க, அவர் சைபரை அடித்துவிட்டு எட்டு என்று போட்டார்.

இசக்கி தாளை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மார்க் எதுக்குக் குறைச்சீங்க, ஐயா?"