மூச்சு எடுக்கும் இடம்

அமிர்தகடேசனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குருவுக்கு நாற்பத்தைந்து.

இதில் யாருக்காவது சங்கடம் இருந்தால், அது அவர்கள் இருவருக்கும் இல்லை. பத்து வருடங்களுக்கு முன், வயலினில் ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கிவிட்ட பிறகு, ஒரு கல்யாண மண்டபத்தில் கோமளவல்லி பாடிய ஒரே ஒரு வரியைக் கேட்டார் கடேசன். நேரே அவரிடம் போய், "இனிமே நீங்கதான் என் டீச்சர்" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "முதல்ல போய் இலையில உக்காருங்க, பந்தி முடியப்போகுது" என்றார். அதையே முதல் பாடமாக எடுத்துக்கொண்டார் கடேசன்.

இப்போது கோமளவல்லி கடல் கடந்த ஒரு குளிர் நகரத்தில், சலவைக் கடை ஒன்றுக்கு மேலே இருந்த அறையில் பாட்டு சொல்லிக்கொடுத்து வந்தார். கீழே இயந்திரங்கள் சுற்றும்போது தரை லேசாக அதிரும். ஜன்னலுக்கு வெளியே பனி அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும்.

ஒரு மதியம் கடேசன் அங்கே வந்து சேர்ந்தார். தோளில் வயலின். கண்ணில் பாதித் தூக்கம்.

"எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்று கேட்டார் குரு.

அவர் சற்று யோசித்தார். "மறந்துபோச்சு டீச்சர். பாலம் இருந்தது. நிறையப் பாலம்."

"காபி குடிங்க."

குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"வில் நடுங்குது டீச்சர்."

குரு காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஆறு மாசமா இப்படித்தான். வேகமா வாசிச்சா ஒண்ணும் தெரியாது. மெதுவா ஒரே ஸ்வரத்துல நின்னா கை நடுங்க ஆரம்பிச்சிடுது. நாலு டாக்டர் பாத்தாச்சு. கையில குறையே இல்லைங்கறாங்க."

"அப்ப எப்படிக் கச்சேரி பண்றீங்க?"

"நிக்கிறதே இல்லை. ஓடிக்கிட்டே இருக்கேன். ஜனங்க எழுந்து நின்னு கைதட்டறாங்க."

திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில் அதைச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு ஒரு தனிக் கச்சேரி இருந்தது. அவர் இதுவரை ஏறிய மேடைகளிலேயே பெரிய மேடை. வருகிறாரா இல்லையா என்று, அவர் குருவிடம் வந்த இந்த மதியமே, நாலு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"வரலைன்னு சொல்லிட்டு, அதோட வயலினையும் மூடி வெச்சிடலாம்னு இருக்கேன்" என்றார். ஏழு வயதிலிருந்து அவர் செய்துவந்த ஒரே காரியம் வயலின் வாசிப்பதுதான். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

"எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு" என்றார் குரு. "வழக்கமா வாசிக்கிற வயலின்காரருக்கு ஜுரம். நீங்க வாசிங்க."

"நானா? பக்கவாத்தியமா?" கடேசன் இன்னொருவருக்கு வாசித்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

"பயப்படாதீங்க. யாரும் எழுந்து நிக்க மாட்டாங்க."

கதவு திறந்தது. வந்தவள் தர்மினி. யாழ்ப்பாணத்துக்காரி, அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலையோடு பகல் வேலையும் சேர்த்துப் பார்த்து முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாள். கடேசன் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சேர் புதுசோ?" என்று கடேசனைக் காட்டிக் கேட்டாள்.

"புதுசுதான்" என்றார் குரு, சிரிக்காமல்.

கடேசன் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் சாய்த்துக்கொண்டார். குரு தம்புராவை மீட்டினார். தர்மினி நீலாம்பரி ராகத்தை எடுத்தாள். தூங்க வைக்கிற ராகம்.

ராகத்தின் சின்னச் சின்னத் துண்டுகளாக நாலு பிடிகள் பாடினாள். ஐந்தாவதில் அவள் எங்கே போகப்போகிறாள் என்று கடேசனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு முன்னால் அங்கே போய், நகாசு வேலையெல்லாம் செய்து முடித்தும்விட்டார். பக்கவாத்தியக்காரர் கனவிலும் செய்யக் கூடாத காரியம்.

தர்மினி நிறுத்தினாள். "சேர், நீங்கள் எனக்கு முன்னாலை போறியள். நான் எங்கை போறன் எண்டு எனக்கே தெரியேல்லை. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

கடேசனின் காது சிவந்துவிட்டது. குரு தம்புராவை நிறுத்தவில்லை.

"மறுபடி" என்றார்.

இந்த முறை கடேசன் அவளுக்கு ஒரு நூல் பின்னாலேயே போனார். கீழே இயந்திரங்கள் சுற்றின. ஜன்னலில் பனி விழுந்தது. விமான நிலையங்கள், ஓட்டல் திரைச்சீலைகள், பேர் மறந்த பாலங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவரை விட்டு விலகிப் போயின. விழித்திருக்கிறோமா, தூங்குகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் குரல் போன வழியில் போய்க்கொண்டிருந்தார்.

தர்மினி மேல் ஷட்ஜத்தை, அந்த உயரமான 'ஸ'வை, தொட்டு நின்றாள். நின்ற இடத்தில் குரல் அறுந்தது.

அது அறுந்த அதே நொடியில் வயலின் அந்த ஸ்வரத்தை வாங்கிக்கொண்டது. ஒரே ஸ்வரம். கடேசன் வில்லை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மெதுவாக இழுத்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடினாள், எச்சில் விழுங்கினாள், மூச்சை இழுத்தாள். பிறகு விட்ட இடத்திலேயே வந்து சேர்ந்துகொண்டாள். அவர் விலகி வழிவிட்டார்.

பாடி முடித்ததும் தர்மினி முகத்தைத் துடைத்தாள்.

"குறை நினைக்காதேங்கோ. விடியக்காலமை வார்ட்டிலை ஒராள் தவறிட்டார். அது நினைவு வந்து மூச்சு முட்டிப்போச்சு. நல்ல காலம், சேர் நிண்டார்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். படியில் அவள் பூட்ஸ் சத்தம் ஓய்ந்தது.

கடேசன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், நடுங்கலை."

"பாத்தேன்."

"எவ்வளவு நேரம் நின்னேன்?"

"அவ மூச்சு எடுக்கிற வரைக்கும்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடேசன் போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா சனிக்கிழமை நான் மட்டும்தானே டீச்சர். எனக்கு முன்னால பாட யாரும் இல்லையே. நான் யாருக்காக நிக்கிறது?"

குரு தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த அரங்கத்துல எத்தனை பேர் உக்காருவாங்க?"

"மூவாயிரம் பேர்."

"அதுல மூச்சு முட்டிப்போனவங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்களா?" என்றார் குரு.