கழுத்தோடு வந்த வெள்ளி

மணல்காட்டு ராஜா ஜேத்மாலுக்குத் திடீரென்று வெள்ளியில் ஒரு சிம்மாசனம் வேண்டும். பொன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துவிட்டதாம். பாவம், ராஜா உத்தியோகத்தின் கஷ்டம் நமக்கு எங்கே தெரியப்போகிறது!

கஜானா மந்திரி துல்சந்த் வழி சொன்னான். "ஒட்டகம் மேய்க்கும் கூட்டத்துப் பெண்களைப் பாருங்கள், மன்னா! ஒவ்வொருத்தி கழுத்திலும் கனத்த வெள்ளி வளையம். அந்தப் பாரத்தை நாம் இறக்கிவைத்தால் புண்ணியமாகப் போகும்."

"உமக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு!" என்று உருகினார் ராஜா. அவையில் வாய்ச்சாமர்த்தியத்தால் பிழைக்கும் சாங்கோவைக் கூப்பிட்டார். "அந்த வெள்ளி முழுவதும் மூன்று நாளில் இங்கே வர வேண்டும். ஒருத்திக்கும் கீறல் படக் கூடாது, என் பெயர் கெட்டுவிடும். வராவிட்டால் உன் தலை தப்பாது."

அந்தக் கூட்டத்தின் வழக்கம் சாங்கோவுக்குத் தெரியும். கல்யாணத்தன்று தட்டான் பெண்ணின் கழுத்திலேயே வளையத்தைப் பூட்டி, முனையைத் தட்டி இறுக்கிவிடுவான். அவள் செத்த பிறகுதான் அறுத்து உருக்குவார்கள். உயிரோடு இருப்பவளைக் கழற்றச் சொன்னால், 'செத்துத் தொலை' என்று வாழ்த்தியதாக அர்த்தம்.

சாங்கோ அவர்கள் கூடாரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். தலைவி பூரிபாய் சீறினாள். "கழட்டச் சொல்ல அவன் யாருய்யா? அவனா எனக்குப் பூட்டினான்?"

"கழற்றவே வேண்டாம் தாயே. எல்லாரும் மூட்டை முடிச்சோடு கிளம்புங்கள். அடுப்பை மறந்துவிடாதீர்கள்."

மூன்றாம் நாள் காலை ராஜா உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்தார். முற்றம் முழுக்கப் பெண்கள், ஒட்டகங்கள், ஆடுகள். ஆடுகள் ராணியின் ரோஜாத் தோட்டத்தை முடித்துவிட்டு மல்லிகைக்குப் போயிருந்தன. பூரிபாய் பட்டுத் திரையைக் கிழித்து ஒட்டகத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

"சாங்கோ! என்னடா இது?"

"தாங்கள் கேட்ட வெள்ளி, மன்னா. குன்றிமணி குறையவில்லை, ஒருத்திக்கும் கீறல் இல்லை. ஆனால் செத்தால்தான் கழலுமாம். அதுவரை சோறு போட்டு வைத்துக்கொண்டால் போதும்."

துல்சந்த் குறுக்கே புகுந்தான். "அதனால் என்ன, மன்னா? பூரிபாய்க்கே எண்பது வயசு. எத்தனை நாள் தாங்குவாள்?"

"மந்திரியார் சொல்வது சரிதான்," என்றான் சாங்கோ. "பூரிபாய்க்கு நேற்று லேசாகத் தும்மல்கூட வந்தது. அவளுடைய அம்மாதான் ரொம்பக் கவலைப்படுகிறாள். அதோ, ஒட்டகத்திலிருந்து குதித்து இறங்குகிறாளே, அவள்தான்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "போதுமடா! வெள்ளி வந்த வழியே திரும்பட்டும். உனக்கு ஒரு பொற்கிழி. இளகிய மனசுக்கார மந்திரிக்கு இந்த முற்றம். சாணம் முழுவதும் அள்ளி முடிக்கும்வரை அவருடையதே!"