தையல் இல்லாத பந்து

“உடையாத பந்து எதுன்னு சொல்லுங்க கோச்” என்றார் கிளாட்வின்.

வலைப்பையை மணலில் கவிழ்த்தார். மூன்று பந்துகள் விழுந்தன. மூன்றும் தையல் விட்டு வாய் பிளந்து கிடந்தன.

டெல்பின் அவரைவிட இளையவள். ஒரு காலத்தில் மாநில அணியின் கோல்கீப்பர். இப்போது தன் ஊர்க் கடற்கரையில் கோல்கீப்பர்களைப் பழக்குகிறாள். கிளாட்வின் பக்கத்து ஊர்க்காரர், விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் அங்குள்ள பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து ஆட வைப்பார்.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க அண்ணே?”

“இன்னொண்ணும் இருக்கு.”

“சொல்லுங்க.”

அவர் கடலைப் பார்த்தார்.

“என் மவ ஜெர்லின். பதினோரு வயசு. எங்க டீமுக்கு அவதான் கோலி. நல்லா நின்ன பிள்ளை. இப்ப பந்து வந்தா முகத்தைத் திருப்பிக்கிடுதா.”

“ம்.”

“தூங்கும்போதும் ரெண்டு கையையும் முகத்துக்கு முன்னால வச்சிருக்கா. நான் எடுத்து விடுவேன். கொஞ்ச நேரத்துல திரும்ப மேல வந்திரும்.”

டெல்பின் மணலில் கிடந்த பந்துகளைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை மேட்ச். அதுலயும் இப்படி நின்னா எல்லாரும் சிரிப்பானுவ. பிறகு மைதானத்துப் பக்கமே வரமாட்டா. எனக்கு அதுதான் பயம். அவ பயத்தை எப்படி எடுக்கது?”

“முதல்ல பந்தைப் பாப்போம்.”

பிளந்த பந்து ஒன்றை எடுத்தாள். தையல் விட்ட இடத்தில் விரலை நுழைத்துத் தடவினாள்.

“நாலாம் நம்பர்.”

“பிள்ளைக அளவுதானே வாங்குவேன். அதுகூடத் தெரியாமலா?”

“காத்து எவ்வளவு வைப்பீங்க?”

“கல்லு மாதிரி. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். மணல்ல பந்து எழும்பணும்லா.”

“எழும்புதா?”

கிளாட்வின் யோசித்தார்.

“பெருசா இல்ல. அதனால இன்னும் கொஞ்சம் கூட அடிப்போம்.”

டெல்பின் எழுந்து ஓலைக் கொட்டகைக்குள் போனாள். புதுப் பந்து ஒன்றும் பம்பும் கொண்டுவந்தாள்.

“இதுல தையலே கிடையாது. சூட்டுல ஒட்டினது. தோலும் கனம்.”

“எவ்வளவு அடிச்சாலும் தாங்குமா?”

“நீங்களே அடிச்சுப் பாருங்க.”

அவர் காற்று அடித்தார். மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டு மறுபடியும் அடித்தார். விரல் முட்டியால் தட்டியபோது பந்து மரக்கட்டைபோல் ஒலித்தது. அவர் முகம் தெளிந்தது.

“இதுதான் நான் கேட்ட பந்து.”

“அந்த கோலுக்குள்ள நில்லுங்க.”

“நானா? நான் பின்னால பேக் ஆடினவன், கோலி இல்ல.”

“சும்மா நில்லுங்க அண்ணே.”

சிரித்துக்கொண்டே போய் நின்றார்.

அவள் பந்தை அலையில் உருட்டி எடுத்தாள். ஈரத்தில் மணல் அப்பியிருந்தது. பெனால்டி தூரத்தில் வைத்தாள்.

முதல் அடி கோலின் சவுக்குக் கம்பத்தில் பட்டது. கம்பம் அடிவரை அதிர்ந்தது. அந்த அதிர்வு கிளாட்வினின் விலா எலும்புக்குள் வந்தது.

“தப்பிருச்சு” என்றாள் டெல்பின்.

தப்பவிட்டவளின் முகமாக அது இல்லை.

இரண்டாவது அடி. பந்து அவள் காலைவிட்டுக் கிளம்பியதைத்தான் பார்த்தார். அவர் விரல்கள் பின்பக்கமாக மடங்கின. வாயெல்லாம் மணல்.

“அடி பட்டுதா?”

“ஒண்ணுமில்ல.”

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“சுறா இழுத்த கைதானே அது. எதுக்கு ஒளிச்சு வைக்கீங்க?”

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

அவள் மறுபடியும் பந்தை வைத்தாள். பின்னால் நடந்துபோய்த் திரும்பி நின்றாள். ஓடிவரவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலை வந்து போனது.

அடிப்பதாக இருந்தால் அடித்துத் தொலைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தார். கோல் இவ்வளவு அகலமாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பந்து இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்றும்.

அவள் ஓடி வந்தாள்.

கண்ணைத் திறந்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் அவர் முகத்துக்கு முன்னால் இருந்தன. அவர் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். எப்போது அங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை.

டெல்பின் அவரைக் கடந்து போய்ப் பந்தை எடுத்துவந்தாள். அதே இடத்தில் வைத்தாள்.

“இன்னொண்ணு. வாங்க.”

“கோச்.”

“என்ன?”

“கொஞ்சம் காத்தை இறக்கிட்டு அடிங்க.”

அவள் பந்தைத் தூக்கினாள். மணலைத் தட்டிவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

“எதுக்கு அண்ணே? பந்துக்கு ஒண்ணும் ஆகலையே.”