பெட்டி இல்லாத புடவை

ஈரோட்டுக் கடைவீதியில் குமாரசாமி முதலாளி இயற்கைச் சாயப் புடவையை அலங்காரப் பெட்டியில் வைத்து விற்றார். மகள் கல்யாணத்துக்கு அதைக் கேட்டு வந்த இட்லிக்கடை மாராத்தாள், விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

“பாதி விலைக்குக் கொடுக்கலாமுங்க,” என்றாள் விற்பனைப்பெண் சித்ரகலா.

முதலாளி சிரித்தார். “நெசவாளி கூலியும் குறையக்கூடாது, என் லாபமும் குறையக்கூடாது. கொடு பார்க்கலாம். முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

சித்ரகலா புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து மாராத்தாளின் மஞ்சப்பையில் வைத்தாள். வெல்வெட் ஒட்டிய அந்தக் காலிப் பிளாஸ்டிக் பெட்டியை முதலாளி பக்கம் நகர்த்தினாள்.

“பாதி விலை பெட்டிக்கே போகுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

கடையே திரும்பிப் பார்த்தது.

மாராத்தாளுக்குக் கண் கலங்கியது. “நீ நல்லா இருக்கோணும் கண்ணு.”

“முதலாளியைக் கும்பிடுங்கக்கா. இனி எல்லாருக்கும் இதே விலைதான்னு சொல்லப்போறவரு அவருதான்.”

கும்பிட்டு நின்றவளிடம் முதலாளியால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.