கொண்டுவந்த தண்ணீருக்கு மட்டும்

சாயப்பட்டறைகள் பெருத்த ஓர் ஊரில் தண்ணீரைப் பரிசோதிக்கும் லேப் ஒன்று இருந்தது. அதை நடத்திய நாச்சிமுத்துவுக்கு ஒரு பெருமை உண்டு. இருபது ஆண்டுகளில் ஓர் எண்ணைக்கூட அவர் மாற்றி எழுதியதில்லை. சொந்தக்காரருக்காக அறிக்கையில் ஒரு தசமப் புள்ளியை நகர்த்திய ஊழியரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். அந்தப் பெருமை அங்கே கெமிஸ்டாக இருந்த தவமணியையும் தொற்றிக்கொண்டது. அறிக்கையில் விழும் கையெழுத்து அவளுடையது. அதைப் பார்த்துவிட்டால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இம்முடிவுகள் கொண்டுவந்து தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' எனக்குத் தெரிந்து அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை.

ஒரு சித்திரை மாதம், வீடு கட்டி விற்கும் சென்னியப்பன் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். அவர் கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மெண்டில் நாற்பத்தெட்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஒரே போர்க்குழாயிலிருந்து. தவமணி சோதித்தாள். சாயக்கழிவில் வரும் குரோமியம், அனுமதித்த அளவைப்போல் பதினோரு மடங்கு இருந்தது. குடித்த உடனே ஒன்றும் ஆகாது. தொடர்ந்து குடித்தால் சிறுநீரகத்தைத் தின்றுவிடும். நம்பமுடியாமல் இன்னொரு முறை சோதித்தாள். அதே எண்தான் வந்தது. அறிக்கையைச் சென்னியப்பன் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு இடத்தில் போர் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அதே முகவரியிலிருந்து இன்னொரு பாட்டில் வந்தது. அதில் குரோமியமும் இல்லை, அந்த வட்டாரத்து உப்பும் இல்லை. அந்த மண்ணில் எங்கே துளைத்தாலும் உப்பில்லாத தண்ணீர் வராது என்பது தவமணிக்குத் தெரியும். அது கடையில் வாங்கிய கேன் தண்ணீர். எனவே, 'இதே முகவரியிலிருந்து முன்பு வந்த மாதிரியோடு இது பொருந்தவில்லை' என்று அறிக்கையில் ஒரு குறிப்பு எழுதி நாச்சிமுத்துவிடம் கொண்டுபோனாள்.

அவர் அந்தக் குறிப்பை அடித்தார். ஒரு மாதிரியைப் பற்றி இன்னொன்றின் அறிக்கையில் எழுதுவது நம் வழக்கமில்லை என்றார். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் நம் வேலை, அது எங்கிருந்து வந்தது என்று துப்புத் துலக்குவது போலீஸ்காரன் வேலை என்றார். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டார்.

"நீ எழுதுன நம்பர்ல ஒண்ணாச்சும் பொய்யா அம்மிணி?"

இல்லைதான். அத்தனையும் உண்மையான எண்கள். தவமணி கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கியது என்று சொல்ல எனக்கும் ஆசை. நடுங்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் போயின. செல்வராணி என்ற பெண் ஒரு பாட்டிலோடு லேப்புக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். அந்த அபார்ட்மெண்டில் குடியிருந்தாள். ஒன்பது வயது மகளுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது, வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு வாங்கும்போது சென்னியப்பன் கொடுத்த பழைய அறிக்கையின் நகலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"இது உங்க கையெழுத்துங்களாக்கா? இதைப் பாத்துத்தானுங்க வீடு வாங்குனோம்."

இப்போது பதின்மூன்று மடங்கு. ஒருவர் அறிக்கையைப் பற்றி இன்னொருவரிடம் வாய் திறக்கக்கூடாது என்ற விதியை மீறி, முதல் பாட்டில், இரண்டாவது பாட்டில் இரண்டைப் பற்றியும் தவமணி அவளிடம் சொல்லி அழுதாள். செல்வராணி அழவில்லை. நேரே சென்னியப்பனிடம் போய்ச் சண்டை போட்டாள். அறிக்கையின் அடியிலிருந்த பொடி எழுத்து வரியை முதன்முதலாகப் படித்தவர் அவருடைய வக்கீல்தான். கொண்டுவந்த தண்ணீருக்கு மட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று விரலை வைத்துக் காட்டி அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்துச் செல்வராணி மறுபடி வந்தாள். மேஜைமேல் ஒரு பாட்டிலை வைத்தாள். அதில் இருந்தது கேன் தண்ணீர்; அவள் அதை மறைக்கவும் இல்லை. மகளுக்கு வைத்தியம் பார்க்க அந்த வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை என்றும், வாங்க வருகிறவர்கள் தண்ணீர் அறிக்கை கேட்கிறார்கள் என்றும் சொன்னாள்.

வாங்குகிறவர்கள் வீட்டிலும் குழந்தை இருக்குமே என்றாள் தவமணி.

"அவருக்குக் குடுத்தீங்க. எனக்கு மட்டும் மாட்டீங்களாக்கா?"

கேட்பவர்களே, நன்றாக யோசியுங்கள். பாட்டிலை வாங்கினால் எந்த எண்ணும் பொய்யாக இருக்காது, ஒரு சிறுமிக்கு வைத்தியம் நடக்கும், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். மறுத்தால், ஏமாற்றியவருக்குக் கொடுத்ததை ஏமாந்தவளுக்கு இல்லை என்றதாகும். தவமணி என்ன செய்வது சரி?

விடை: வாங்கக்கூடாது. ஆனால் அது பாதி விடைதான். நாற்பத்தெட்டுக் கதவுகளையும் தட்டி, தன் கையெழுத்து ஏமாற்று என்று அவள் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் வேலை போகும், செல்வராணியின் வீட்டை ஒருவரும் வாங்கமாட்டார்கள், சிறுமியின் வைத்தியமும் நின்றுபோகும். ஆனாலும் அதுதான் சரி. யாருக்கும் நோகாத விடை ஒன்றைத் தேடிப் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் வந்த அன்று அது இருந்தது, இப்போது இல்லை. தவமணி பாதி விடையைத்தான் செய்தாள். பாட்டிலை வாங்கவில்லை, கதவுகளைத் தட்டவும் இல்லை. செல்வராணி பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த வீதியிலிருந்த வேறொரு லேப்புக்குப் போனாள். அங்கே வாங்கிக்கொண்டார்கள்.